கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்: அழகு மட்டும்தானா?

வாசகர் ஒருவர் கேட்டது, 2023 கார்த்திகை 4

"நேற்றிரவு கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல் பார்த்து முடித்தேன். வடிவான படம், இல்லை என்று சொல்லமாட்டேன். எந்த இடத்தில் நிறுத்தினாலும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். பகிடிக்கும் குறைவில்லை. ஆனால் முடிந்த பிறகு மனதில் ஒன்றும் நிற்கவில்லை. நல்ல கேக் பெட்டி, றிபன் எல்லாம் கட்டியிருக்கு, திறந்தால் உள்ளே கேக்கைக் காணவில்லை. இவ்வளவு பெரிய நடிகர்கள் வந்து ஆளுக்கு இரண்டு நிமிடம் தலைகாட்டிவிட்டுப் போகிறார்கள். இதில் அப்படி என்னத்தைக் கண்டீர்கள்?"

கார்த்திகை 4, இரவு

கேக் பெட்டி என்று நீங்களே சொன்னதால் அங்கேயே தொடங்குகிறேன், தம்பி.

சிறைக்குள் வரும் சாப்பாட்டுப் பொதிகளை ஒரு காவலன் சோதிப்பான், ஞாபகம் இருக்கிறதா? மற்றப் பொதிகளில் வந்ததையெல்லாம் கத்தியால் வெட்டிப் பார்க்கிறான். பிறகு இளஞ்சிவப்புப் பெட்டி வருகிறது. உள்ளே மென்டல்ஸ் கடைப் பலகாரம், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று உருண்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிற ஐசிங். அதை வெட்ட அவனுக்கு மனம் வரவில்லை. அப்படியே உள்ளே விட்டுவிடுகிறான். சிறையை உடைக்கிற சின்னச் சின்ன உளியும் சுத்தியலும் அதற்குள்தான் இருக்கின்றன.

இயக்குநர் வெஸ் அண்டர்சன் தன் படத்தை எப்படிப் பார்க்கவேண்டும் என்று அந்த ஒரு காட்சியிலேயே சொல்லிவிட்டார் என்பது என் எண்ணம். வடிவாக இருந்தபடியால்தான் அந்தப் பொதி காவலைத் தாண்டிப் போனது. படமும் அப்படித்தான் போகிறது. நீங்கள் சிரித்துக்கொண்டு, நிறங்களைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே ஒரு நாடு அழிகிறது, ஒருவன் அகதியாகிறான், ஒரு நல்ல மனுசனைச் சுட்டுப் போடுகிறார்கள்.

கார்த்திகை 5

நேற்று எழுதிய பிறகு நித்திரை வரவில்லை. அந்தக் காவலனின் காட்சிக்கு நான் மட்டும் ஏன் இவ்வளவு சிரிக்கிறேன் என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

நான் கொழும்பில் படித்துக்கொண்டிருந்த காலம். ஒவ்வொரு விடுமுறை முடிவிலும் அம்மா ஒரு பிஸ்கற் ரின் நிறையப் பயத்தம் உருண்டை கட்டித் தருவா. வவுனியாப் பக்கம் ஒரு சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் திறந்து, நீட்டுப் பலகை மேசையில் எல்லாவற்றையும் பரப்பவேண்டும். ஒருநாள் அங்கே நின்றவர் ரின்னைத் திறந்து உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் பிட்டுப் பார்த்தார். மாவும் சீனியும் அவருடைய விரலெல்லாம். மேசை விளிம்பில் துடைத்தார். எனக்குப் பின்னால் நின்ற வயதுபோன அம்மா ஒருவர் "ஐயோ பிள்ளை, அவ்வளவும் தூளாப் போச்சு" என்று சொல்ல, நான் ஒன்றும் பேசாமல் நின்றேன். எல்லாம் முடிந்ததும் அவர் ரின் மூடியை நேராக்கி, நாலு பக்கமும் அமர்த்தி, நன்றாக மூடித் தந்தார். உருண்டைகளைவிட அந்த மூடியை அவர் மூடிய விதம்தான் எனக்கு இன்னும் ஞாபகம்.

அப்படி நின்ற ஒருவன் மென்டல்ஸ் காவலனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு வேறு. பலகாரத்தின் வடிவைப் பார்த்துக் கத்தியைக் கீழே வைக்கிற ஒரு காவலனை எனக்காகவே யாரோ எழுதி வைத்ததுபோல் இருந்தது.

கார்த்திகை 7

ரயில் காட்சிகளைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தடவை. ஆண்டு 1932. ஹோட்டலின் தலைமை உபசரிப்பாளர் குஸ்தாவும் (ரேஃப் ஃபைன்ஸ்) லொபிப் பையன் சீரோவும் (டோனி ரெவலோரி) ரயிலில் எதிரும் புதிருமாக இருந்து கதைத்துக்கொண்டு போகிறார்கள். ரயில் திடீரென்று வயல்வெளியில் நிற்கிறது. ஏன் இங்கே நிற்கிறது என்று குஸ்தாவ் கேட்கிறார். வெளியே படை. உள்ளே வந்து ஆவணம் கேட்கிறார்கள். சீரோவிடம் இருப்பது வேலைக்கு வந்த வெளிநாட்டவனுக்குரிய ஒரு கடதாசி, அது செல்லாது என்கிறார்கள். அவனை இழுக்க, குஸ்தாவ் நடுவில் பாய்கிறார். இரண்டு பேருக்கும் அடி, மூக்கில் இரத்தம். அப்போது வருகிற அதிகாரி (எட்வர்ட் நோர்ட்டன்) சின்ன வயதில் அந்த ஹோட்டலில் தங்கியவர், தனியாகத் திரிந்த அந்தப் பையனோடு குஸ்தாவ் அன்பாக இருந்திருக்கிறார். அந்த அறிமுகத்தில் ஒரு தற்காலிக அனுமதிக் கடதாசி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். எங்களுக்கும் சிரிப்பு, ஆறுதல்.

இரண்டாம் தடவை, படம் முடியப் போகிற நேரம். அதே ரயில், அதே பெட்டி, கமரா அதே இடத்தில். இப்போது அகதாவும் (சேர்ஷா ரோனன்) கூட இருக்கிறாள். ரயில் மறுபடியும் வயல்வெளியில் நிற்கிறது. குஸ்தாவ் அதே கேள்வியைக் கேட்கிறார். ஆனால் படம் இப்போது கறுப்பு வெள்ளை. அத்தனை நிறங்களும் போய்விட்டன. வந்திருக்கிற படை வேறு படை. அந்த அனுமதிக் கடதாசியை வாங்கிக் கிழித்துப் போடுகிறார்கள். குஸ்தாவ் மறுபடியும் பாய்கிறார். அதன் பிறகு நடந்ததைப் படம் காட்டுவதில்லை. பல வருடம் கழித்து, கிழவனான சீரோ (எஃப். முர்ரே ஏப்ரஹாம்) சாப்பாட்டு மேசையில் இருந்து, அவரைச் சுட்டுவிட்டார்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்.

இதில் கவனிக்கவேண்டியது: முதல் காட்சி அவ்வளவு ஒழுங்காக, இரண்டு பக்கமும் சமனாக, பகிடியாக அமைந்திருக்காவிட்டால் இரண்டாவது காட்சி எங்களைத் தாக்கியிருக்காது. ஒவ்வொரு அசைவும் எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ரயில் நின்றவுடனே சிரிக்கத் தயாராகிறோம். அந்தச் சிரிப்பு வாயிலேயே நின்றுவிடுகிறது. இதை அழகுக்காகச் செய்த அழகு என்று எப்படிச் சொல்வது?

அப்பா 80களின் நடுப்பகுதியில் யாழ்தேவியில் போய்வந்தவர். ரயில் இடைவழியில் நின்றால் பெட்டிக்குள் அதுவரை கதைத்துக்கொண்டு வந்த எல்லாரும் ஒரே நேரத்தில் வாயை மூடிவிடுவார்களாம். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயிலே இல்லாமல் போனது. மறுபடி வந்தது 2014 ஐப்பசி (ஒக்டோபர்) 13. இந்தப் படம் வெளிவந்ததும் அதே 2014. இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லைதான். ஆனால் நான் படத்தைப் பார்த்தது, ரயில் திரும்பி வந்து அதன் கூவலுக்கு ஊர் பழகிக்கொண்டிருந்த நாட்களில். அதனால் எனக்கு இரண்டும் ஒன்றாகவே கிடக்கின்றன.

கார்த்திகை 8

"படத்தில் பாதிநேரம் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டி வருகிறது, கொப்பி சரியில்லையா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கொப்பி சரிதான். படம் அப்படித்தான் எடுக்கப்பட்டது.

கதை ஒன்றுக்குள் ஒன்றாக வருகிறது. இந்தக் காலத்தில் ஒரு பெண் ஒரு புத்தகத்தோடு கல்லறைக்கு வருகிறாள். 1985இல் அதை எழுதியவர் பேசுகிறார். 1968இல் அவர் இளைஞராக அந்த ஹோட்டலில் தங்கிக் கிழவர் சீரோவிடம் கதை கேட்கிறார். 1932இல் கதை நடக்கிறது. காலத்துக்கு ஏற்றபடி திரையின் அளவும் மாறுகிறது. 1968 நீள அகலத் திரை. 1932 பழைய காலத்துச் சதுரத்துக்குக் கிட்டின திரை, உயரம் ஒன்று என்றால் அகலம் 1.37. அந்தக் காலத்தில் படங்கள் வந்த அளவே அதுதான். மற்றவை 1.85.

சதுரத்துக்குக் கிட்டின திரையில் ஆளைத் தலை முதல் கால்வரை நிறுத்தலாம், மேலே கூரையையும் காட்டலாம். உயரமான ஹோட்டல், ஏணி, லிஃப்ட், மாடிப்படி என்று படம் மேலும் கீழுமாக ஓடுவது அதனால்தான்.

ஒரு முக்கியமான விசயம். உங்கள் ரீவியில் படத்தை இழுத்து நிரப்புகிற வசதி போடப்பட்டிருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மாமா வீட்டில் இந்தப் படத்தைப் பார்க்கப் போய், குஸ்தாவ் இரண்டு மடங்கு தடித்து, ஹோட்டல் பதிந்து, லிஃப்ட் வாசல் கராஜ் வாசல் மாதிரி வந்தது. மாமா "காசு குடுத்து வாங்கின ரீவி, முழுக்கத் தெரியட்டும்" என்று நின்றார். றிமோட்டை எடுத்துச் சரியாக்கிக் காட்டின பிறகு, அவரே "ஓ, இது வேறை படம்போல இருக்கு" என்று கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

கார்த்திகை 11

"பெரிய நடிகர்கள் இரண்டு நிமிடம் தலைகாட்டுகிறார்கள்" என்ற குறைக்கு வருகிறேன்.

படத்தில் குஸ்தாவ் ஆபத்தில் மாட்டியதும், பெரிய ஹோட்டல்களின் தலைமை உபசரிப்பாளர்கள் ஒருவருக்கொருவர் ரெலிபோன் எடுக்கிற இடம் வரும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊரில், ஒவ்வொரு வேலை நடுவில். ஒருவர் மயங்கிக் கிடக்கிறவரின் நெஞ்சை அமுக்கி முதலுதவி செய்துகொண்டிருக்கிறார். அழைப்பு வந்ததும் பக்கத்தில் நிற்கிற பையனிடம் வேலையைக் கொடுத்துவிட்டு எழுந்து போகிறார். அடுத்த ஊரில் அடுத்தவர், அதே மாதிரி. பில் மரி போன்ற ஒருவர் அதில் வந்து போகிறார்.

முகம் தெரிந்த நடிகராக இருப்பது அங்கே உதவுகிறது. ஒரு ஆளை அறிமுகப்படுத்த நேரமில்லை. தெரிந்த முகம் வந்தால் பார்க்கிற நாங்களே மிச்சத்தை நிரப்பிக்கொள்வோம். ஒரு வசனத்தில், ஒரு மீசையில், ஒரு சட்டையில் ஆள் முழுதாக நிற்கவேண்டும். வில்லம் டஃபோவுக்கு இந்தப் படத்தில் பேச்சு மிகக் குறைவு. கறுத்தத் தோல் மேலங்கி, விரல்களில் மோதிரங்கள், மோட்டார்சைக்கிள். அவ்வளவில் பயம் வருகிறது. ரில்டா ஸ்வின்டனை எண்பது வயது கடந்த சீமாட்டியாக ஆக்கியிருக்கிறார்கள், முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு அவர்தான் என்று பிடிபடாது. ஒப்பனைக்கும் சிகையலங்காரத்துக்கும் ஒஸ்கார் கிடைத்தது சும்மா இல்லை. ஒன்பது பரிந்துரை, நாலு விருது: கலை இயக்கம், உடை, ஒப்பனை, இசை. உடை மிலேனா கனொனேரோ, இசை அலெக்ஸாந்த்ர் தெஸ்ப்லா.

படப்பிடிப்பு நடந்த காலத்தில் நடிகர்கள் எல்லாரும் ஜேர்மனியில் ஒரு சின்ன ஊரில் ஒரே விடுதியில் தங்கி, இரவுச் சாப்பாட்டை ஒன்றாகவே சாப்பிட்டார்களாம். திரையில் அது தெரிகிறது என்று நான் நம்புகிறேன். யாரும் யாரையும் முந்தவில்லை. ஃபைன்ஸ் மூச்சுவிடாமல் பேசுவதும், ரெவலோரி கண்ணை உருட்டாமல் நேரே பார்த்துக்கொண்டு நிற்பதும் ஒன்றுக்கொன்று தாளம். பதின்வயதுப் பையன் அவன், இத்தனை பெரியவர்களுக்கு நடுவில் ஆடாமல் நிற்கிறானே!

கார்த்திகை 12

மறந்துவிட்டேன். வழக்கறிஞர் கோவாக்ஸின் (ஜெஃப் கோல்ட்ப்ளம்) பூனை. பகிடியும் கொடுமையும் ஒரே வினாடியில் வரும் இடம் அது. பூனையை ஜன்னலால் வெளியே எறிகிற அந்த வினாடி, அதற்குப் பிறகு ஒருவரும் பேசாமல் நிற்கிற நேரம். எங்கள் வீட்டில் பூனை வளர்க்கிற தங்கச்சி அந்த இடத்தில் எழும்பிப் போய்விட்டாள், பிறகு வந்து, மிச்சத்தைப் பார்த்துவிட்டு, கோவாக்ஸுக்காகக் கவலைப்பட்டாள்.

கார்த்திகை 16

"தமிழில் இல்லாத, பல நடிகர்கள் சேர்ந்து நடிக்கிற பகிடிப் படமா? நீங்கள் ஏன் வெள்ளைக்காரனைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எனக்கும் காதலிக்க நேரமில்லை உயிர். 1964இல் ஸ்ரீதர் எடுத்தது, ஈஸ்ட்மன் நிறம், ஒளிப்பதிவு வின்சென்ட். அந்தக் காலத்து யாழ்ப்பாணப் படமாளிகைகளில் பார்த்தவர்கள் இன்னும் வசனம் சொல்லுவார்கள். எங்கள் வீட்டில் பெரியம்மா, நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற காட்சியை முழுசாக நடித்துக் காட்டுவா, கதவு கிரீச்சிடுகிற சத்தம் உட்பட.

அந்தக் காட்சியையே எடுத்துப் பாருங்கள். நாகேஷ் குரலால் செய்கிறார், பாலையா முகத்தால் செய்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் முக்கால்வாசி வந்துவிடும். எங்கள் பெரும்பாலான பகிடிப் படங்கள் இப்படித்தான், காதுக்குரியவை. றேடியோவில் ஒலிச்சித்திரமாகப் போட்டாலும் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அது ஒரு பெரிய பலம். நல்ல வசனகாரர்கள் கிடைத்தார்கள் எங்களுக்கு.

அண்டர்சனின் பகிடி கண்ணுக்குரியது. சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். கமரா நேரே நிற்கும், ஆள் நடுவில் நிற்பான். திடீரென்று கமரா பக்கத்துக்குத் திரும்பும், அங்கே இன்னொருவன் நடுவில். ஒருவன் ஓரமாக உள்ளே வந்து, எதிர் ஓரத்தால் வெளியே போவான். ஒளிப்பதிவாளர் ராபர்ட் யோமன் பல படங்களில் இவரோடு வேலை செய்தவர். படம் எடுக்க முதலே முழுக்கதையையும் கோட்டுச் சித்திரமாக வரைந்து, அசையவிட்டு, தன் குரலிலேயே வசனம் பேசிப் பார்க்கிற பழக்கம் அண்டர்சனுக்கு உண்டு. பகிடியின் நேரக்கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

தமிழில் கண்ணுக்குரிய பகிடி இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. மைக்கேல் மதன காம ராஜன் (1990) முடிவில் மலை விளிம்பில் வீடு ஆடுகிறதே, அவ்வளவு பேரும் உள்ளே! கிரேஸி மோகனின் வசனத்துக்காகக் கொண்டாடப்படும் படம்தான். ஆனால் அந்த இடத்தில் சிரிப்பை எழுப்புவது வீடு. சிங்கீதம் சீனிவாச ராவை எங்கள் ஆட்கள் அதற்காக இன்னும் கொஞ்சம் கூடப் பாராட்டியிருக்கலாம்.

கார்த்திகை 20

மழை. கரண்ட் போய் வந்து போகிறது. கிடைத்த நேரத்தில் அந்த ஹோட்டலைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

அப்படி ஒரு நாடும் இல்லை, ஹோட்டலும் இல்லை. படத்தில் வரும் ஸுப்ரோவ்கா என்ற நாடு கற்பனை. உள்ளே நாங்கள் பார்க்கிற பெரிய மண்டபம், ஜேர்மனியின் கிழக்கு ஓரத்தில், போலந்து எல்லையை ஒட்டி இருக்கும் கேர்லிட்ஸ் என்ற ஊரில், பூட்டிக் கிடந்த ஒரு பழைய பல்பொருள் அங்காடி. 1913இல் திறந்த கட்டடம், மேலே கண்ணாடிக் கூரை, இரண்டு பக்கமும் மாடிப்படி. கலை இயக்குநர் அடம் ஸ்டொக்ஹோசன் அதற்குள் 1932இன் ஹோட்டலைக் கட்டி, அதற்கும் உள்ளே 1968இன் ஹோட்டலைக் கட்டினார். முதலில் 68ஐ எடுத்து முடித்துவிட்டு, அந்த மண்ணிறமும் செம்மஞ்சளுமான பலகைகளைக் கழற்றினால் உள்ளே பழைய சிவப்பும் இளஞ்சிவப்பும் வெளியே வரும். வெளித்தோற்றம் முழுக்க ஆளுயரத்துக்கு மேலான ஒரு மாதிரி, கையால் செய்தது. மலை, கேபிள் ரயில், பனிச்சறுக்கில் துரத்துகிற காட்சி எல்லாவற்றிலும் இப்படிக் கையால் செய்த மாதிரிகள் இருக்கின்றன. பொய் என்று தெரிகிறது, தெரியட்டும் என்றே விட்டிருக்கிறார்கள். கிழவன் ஒருவன் தன் இளமையை ஞாபகத்தில் இருந்து சொல்கிற கதை அல்லவா? ஞாபகத்தில் இருக்கும் வீடு எப்போதும் உண்மை வீட்டைவிடச் சுத்தமாகத்தான் இருக்கும்.

பிறகு படை வந்து ஹோட்டலைப் பிடிக்கிறது. தூண்களில் கறுத்தக் கொடிகள் தொங்குகின்றன. குஸ்தாவ் வெளியே இருந்து பார்த்துவிட்டு, இனி இந்த இடத்துக்குள் கால்வைப்பதில்லை என்கிறார்.

எங்கள் நகரத்தின் நடுவிலும் பெரிய விடுதி இருந்தது, ஆண்டுக்கணக்காகப் படைமுகாம். மண்மூட்டைக்கும் முள்ளுக்கம்பிக்கும் பின்னால் அதன் பலகணி மட்டும் தெரியும். அந்த வீதி மூடிக் கிடந்தது. அதற்குள் கலியாண விருந்து சாப்பிட்டதாக அப்பா சொன்னால் எனக்கு நம்பமுடியாது. அந்தப் பலகணியில் உடுப்புக் காய்வதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். படை அதை விட்டுப் போன பிறகு ஒருநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் "மேசை இங்கை, பந்தி அங்கை" என்று வெறும் நிலத்தில் கையால் கோடு போட்டுப் போட்டு நடந்தார். 68இன் பலகைகளைக் கழற்றி 32ஐ வெளியே எடுத்த அந்தத் தச்சர்களின் வேலையைப் பற்றி வாசித்தபோது எனக்கு வந்தது அப்பாவின் அந்த நடைதான்.

கார்த்திகை 21

"குஸ்தாவ் ஒரு மினுக்கி. சிறை உடைத்து ஓடிவந்தவன் சென்ற் போத்தல் எங்கே என்று கேட்கிறான். இவனுக்காக எப்படி இரங்குவது?" என்று கேட்டவருக்கு.

அந்தக் காட்சியை முடிவுவரை பாருங்கள். வாசனைத் திரவியத்தைக் கொண்டுவர மறந்ததற்காகச் சீரோவைத் திட்டுகிறார். உன் நாட்டை விட்டு ஏன் இங்கே வந்தாய் என்றும் கேட்கிறார். போர், என்கிறான் அவன். தகப்பனைக் கொன்றார்கள், மிச்ச உறவுகளையும் கொன்றார்கள் அல்லது துரத்தினார்கள். குஸ்தாவ் அப்படியே நின்றுவிடுகிறார். அப்படியென்றால் நீ அகதி என்கிறார், தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கிறார், ஹோட்டலின் பெயராலும் கேட்கிறார். நிலவறைக் குழாயால் ஊர்ந்து வந்தவர், பின்னால் துரத்துகிறார்கள், நின்று மன்னிப்புக் கேட்கிறார்.

மினுக்கு என்பது லேசான விசயம் இல்லை. 1995இல் நாங்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நாலு குடும்பமாகக் கிடந்தோம். பெரியப்பா முன்பு ஒரு றெஸ்ற் ஹவுஸில் மேசை கவனித்தவர். அவர் விடியப்புறம் எழும்பிக் கிணற்றடியில் முகம் மழித்து, சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிக்கைப் பெட்டியை எங்கேயோ இரவல் வாங்கி, இருந்த இரண்டு சேட்டில் ஒன்றை மினுக்கிப் போடுவார். கஞ்சி வரிசையில் அந்தச் சேட்டோடு நிற்பார். எங்களுக்குக் கஞ்சி ஊற்றும்போது கோப்பையின் விளிம்பில் சிந்தினதைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் கையில் தருவார். குஸ்தாவ் சிறைக்குள் தள்ளுவண்டியில் கஞ்சி கொண்டுபோய், கைதிகளை ஹோட்டல் விருந்தாளிகள் மாதிரி விசாரித்து விசாரித்துக் கொடுப்பாரே, அந்த இடத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா மட்டும் "அத்தான்" என்றா.

கார்த்திகை 27

அகதாவுக்கும் மற்றப் பெண்களுக்கும் படம் போதிய இடம் கொடுக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கும் விமர்சனம் சரியானது, நான் இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். படத்தில் இருக்கிற மிகத் தைரியமான ஆள் அவள்தான். கன்னத்தில் மெக்சிக்கோ வடிவத்தில் மச்சம், சைக்கிளில் பலகாரம் கொண்டு திரிகிறவள், ஆயுதத்தைப் பலகாரத்துக்குள் வைத்தவள், ஓவியத்தைத் திருடி எடுக்கப் போனவள். ஆனால் அவள் என்ன நினைக்கிறாள் என்று படம் கேட்பதில்லை.

இதற்கு ஒரு காரணம் கதைக்குள் இருக்கிறது. கதையைச் சொல்கிறவர் சீரோ. அவளைப் பற்றிப் பேச அவரால் முடியாது, பேச்சு அவளிடம் வந்தால் அழுகை வந்துவிடுகிறது. திருமணம் முடிந்து இரண்டு வருடத்தில் அவளும் குழந்தையும் காய்ச்சலில் இறந்துபோனார்கள். அதைச் சொல்லி முடிக்க அவர் எடுக்கிற நேரம் ஒரு மூச்சு. அவள் மெல்லிய கோடாக வருவது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஹோட்டலை அவர் கைவிடாமல் வைத்திருப்பதும் குஸ்தாவுக்காக என்று எழுத்தாளர் நினைக்கிறார். இல்லை, அகதாவுக்காக, நாங்கள் அங்கே கொஞ்சக் காலம் சந்தோசமாக இருந்தோம் என்கிறார். நாட்டிலேயே பெரிய பணக்காரர், படுப்பது லொபிப் பையனாக இருந்தபோது படுத்த அந்தச் சின்ன அறையில்.

அகதாவுக்கு இது போதும் என்பேன். மற்றப் பெண்களுக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. லெயா செய்டூ போன்ற நடிகையைக் கூட்டிவந்து வேலைக்காரியாக நிறுத்தியதோடு சரி. இவ்வளவு பேருக்கு ஆளுக்கொரு முகம் கொடுக்கத் தெரிந்தவர், இதிலும் கொடுத்திருக்கவேண்டும்.

மார்கழி 2

படத்தின் முடிவில் ஸ்டெஃபான் ஸ்வைக்கின் எழுத்துகளால் தூண்டப்பட்டது என்று வரும். பலர் அதைப் பார்க்காமல் நிறுத்திவிடுகிறார்கள். 1881இல் வியன்னாவில் பிறந்த யூத எழுத்தாளர். ஹிட்லர் காலத்தில் ஊரைவிட்டு ஓடி, இங்கிலாந்து, அமெரிக்கா என்று போய், கடைசியில் பிரேசிலில் 1942இல் மனைவியோடு உயிரை விட்டார். தன் நினைவு நூலில், 1914க்கு முன்பு கடவுச்சீட்டே இல்லாமல் உலகத்தைச் சுற்றியதாக எழுதியிருக்கிறார். இளையவர்களிடம் சொன்னால் வியப்பார்கள் என்கிறார்.

ரயிலில் ஆவணம் கேட்கிற அந்த இரண்டு காட்சிகளும் எங்கே இருந்து வந்தன என்பது இதை வாசித்த பிறகு இன்னும் தெளிவாகியது. கார்த்திகை 7இல் நான் எழுதியதோடு சேர்த்து வாசியுங்கள். எங்களில் ஒரு தலைமுறையும் இதையேதான் சொல்லும். காலையில் யாழ்தேவி ஏறி, கொழும்பில் சாமான் வாங்கி, இரவு மெயில் ரயிலில் திரும்பி வந்ததை அப்பா சொல்லும்போது, ஊரைவிட்டு வெளியே போகப் பாஸ் எடுக்க வரிசையில் நின்று வளர்ந்த நான் அவரை நம்பாத கண்ணோடு பார்த்திருக்கிறேன்.

மார்கழி 3

"பிள்ளைகளோடு இருந்து பார்க்கலாமா?" என்று கேட்ட அக்காவுக்கு: சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். நிறங்களைப் பார்த்துச் சிறுவர் படம் என்று நினைத்துவிடவேண்டாம். கதவு மூடி விரல்கள் துண்டாகும், வெட்டின தலை ஒன்று கூடைக்குள் இருந்து வரும், கெட்ட வார்த்தை நிறைய, ஆடையில்லாத ஒரு ஓவியமும் உண்டு. பதினைந்து பதினாறு வயது என்றால் தாராளமாகப் பார்க்கலாம், பக்கத்தில் இருங்கள். ஆங்கில எழுத்து அடியில் வரும்படி போட்டுக்கொள்ளுங்கள், ஃபைன்ஸ் பேசுகிற வேகத்துக்கு அது வேண்டும். முடிவில் பெயர்கள் ஓடும்போது நிறுத்தவேண்டாம். பாலலைகா வாத்தியம் முழங்க, வலது பக்க மூலையில் ஒரு சின்ன மனுசன் வந்து குந்தி எழும்பி ரஷ்ய ஆட்டம் ஆடுவான்.